மாலை போட்ட டப்பாவும் அஞ்சலையின் குடங்களும்

பிற்பகல் மூன்று மணி இருபது நிமிஷம். ஆயுத பூஜை நாள். ராயபுரத்தில் நான் புரூப் திருத்தும் அச்சுக்கூடத்துக்குள் நுழைந்ததும் முதலில் பார்த்தது சுவரில் மாட்டியிருந்த எனாமல் டப்பாவை. மூன்று பட்டை விபூதி பூசி, நடுவில் குங்குமம் வைத்து, அதற்குக் கதம்ப மாலை போட்டிருந்தார்கள். டப்பாவின் அடியிலிருந்து தொங்கும் ரப்பர் குழாயின் நுனியிலும் ஒரு சந்தனப் பொட்டு இருந்தது.

அது கண் கழுவும் டப்பா. அதற்கு இருபது நிமிஷம் கழித்து என் இரண்டு கண்களும் வெந்துகொண்டிருந்தன.

அன்பர்களே, நம் வெள்ளிக்கிழமை பஜனைக் கூட்டத்தில் என் கண் பிழைத்த கதையை நான் சொல்லாமலே பலர் சொல்லி வருகிறார்கள். கிழவி வேஷத்தில் அம்பாள் குடத்தோடு வந்தாளாம், மூன்று கை தண்ணீர் தெளித்தாளாம், வாசலைத் தாண்டியதும் மறைந்தாளாம். எட்டு வரிக் கதையில் ஏழு பிழை. இந்த அச்சுக்கூடத்துக்கு வருமுன் தினசரிப் பத்திரிகையின் புரூப் அறையில் பல வருஷம் உட்கார்ந்தவன் நான். பிழையோடு ஒரு தாள் வெளியே போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பெரிய யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எங்கள் அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துகளின் மேல் காய்ந்துபோன மையைக் கரைக்கக் காஸ்டிக் காரத்தைத் தண்ணீரில் கலந்து, கொதிக்கவைத்து, தென்னை நார் பிரஷ்ஷால் தேய்ப்பார்கள். தோலில் பட்டால் வழுவழுக்கும், பிறகு புண்ணாகும். அதற்கு முந்தைய வருஷம் ஒரு தொழிலாளியின் கண்ணில் பட்டு அந்தக் கண் போயிற்று. அவன் ஊரைவிட்டுப் போனான். பாக்டரி இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, கண் கழுவ ஒரு டப்பா வைக்கச் சொன்னார். மானேஜர் ரங்கநாதம் வைத்தார். பக்கத்தில் ஓர் அறிவிப்பும் ஒட்டினார்: கண்ணில் காரம் பட்டால் ஒரு கணமும் தாமதியாமல் சுத்தமான தண்ணீரால் கால் மணி நேரம் இடைவிடாமல் கழுவவும்.

அந்த அறிவிப்புக்குப் புரூப் பார்த்தவன் நான். இரண்டு பிழை திருத்தினேன். டப்பாவில் தண்ணீர் இருக்கிறதா என்று ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை. மானேஜரைப் பற்றி நிறையச் சொல்லப் போகிறேன். அதனால் என்னைப் பற்றி இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூஜை ஆகும்வரை தொடக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். சலவைத் தொழிலாளி இஸ்திரிப் பெட்டியைத் தொடமாட்டார், தச்சர் உளியைத் தொடமாட்டார். எங்கள் மானேஜரும் காலையில் பூஜையில் கண்ணீர் விட்டு நின்றவர்தான். ஆனால் நாடகக் கம்பெனிக்காரன் மத்தியானம் வந்து, மறுநாள் நாடகத்துக்குச் சுவரொட்டி வேண்டும் என்றதும் அவருடைய பக்தி சற்று நகர்ந்து இடம் கொடுத்தது. எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் கன்னியப்பனைக் கூப்பிட்டார். கைஅச்சு இயந்திரத்துக்குப் பூஜையில் வைத்த பொட்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கச் சொன்னார். "அம்பாள் மன்னிப்பா, அவளுக்குத் தெரியாதா நம்ம கஷ்டம்" என்றார். திருவொற்றியூரில் இருக்கும் எனக்கும் ஆள் அனுப்பினார். மற்றவர்கள் பொரி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆக, அச்சுக்கூடத்தில் மூன்று பேர்.

சுவரொட்டிக்கு வேண்டிய பெரிய எழுத்துகள் பழைய மை ஏறிக் கிடந்தன. கூடத்தில் மிச்சமிருந்த தண்ணீரையெல்லாம் காரத்தில் ஊற்றிக் கொதிக்கவைத்துக் கன்னியப்பன் தேய்த்தான். பக்கத்து மேஜையில் மீதி வரிகளைக் கோத்து வைத்திருந்தான். எனக்குக் கிட்டப்பார்வை. ஈய எழுத்தைத் தலைகீழாகப் படிக்க வேண்டுமென்றால் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முகத்தை ஒரு சாண் தூரத்தில் கொண்டுபோவேன். அப்படித்தான் குனிந்தேன். கன்னியப்பனின் பிரஷ் ஓர் எழுத்தின் மூலையில் மாட்டிக்கொண்டது. அவன் இழுத்தான். அது விடுபட்டு என் பக்கம் உதறியது.

முதலில் சூடு. அப்புறம் ஒன்றுமில்லை. அப்புறம் இமைக்குள் யாரோ அரைக்கீரையை நெருப்பில் வதக்குவதுபோல ஒரு சத்தம். அது சத்தம் இல்லை, வலி. ஆனால் எனக்குச் சத்தமாகத்தான் கேட்டது. கண்ணைத் திறக்க முடியவில்லை. நான் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்த தொழில் ஒன்று. அதற்கு வேண்டிய கருவி இரண்டு. இரண்டும் ஒரே நேரத்தில் போய்க்கொண்டிருந்தன.

"கன்னியப்பா, டப்பாவை எடு" என்று கத்தினேன்.

அவன் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு நின்றுவிட்டான்.

"மானேஜரய்யா, எடுக்கட்டா?" என்றான்.

என் கண் வெந்துகொண்டிருந்தபோது அவன் உத்தரவு கேட்டான். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒன்பது வருஷமாக அந்த மனிதரிடம் உத்தரவு கேட்டுக் கேட்டு அவனுக்கு முதுகெலும்பு தாள் மாதிரி மடிந்திருந்தது.

"தொடாதடா" என்றார் மானேஜர். "மால போட்டிருக்கு. மறுபூஜை ஆகாம எடுத்தா கூடத்துக்கே ஆகாது."

கைஅச்சு அவருக்குப் பின்னால் பொட்டு இல்லாமல் நின்றுகொண்டிருந்தது என்பதை ஞாபகத்தில் வையுங்கள்.

"காரத்துக்குப் புளிப்புதான் மாத்து" என்று அவரே வைத்தியமும் சொன்னார். "பூஜைல வெச்ச எலுமிச்சம்பழம் இருக்கு. புழிஞ்சு விடு. இல்லாட்டி பக்கத்து வூட்ல புள்ள பெத்தவ யாராவது கீறாளா பாரு, தாய்ப்பால் விட்டா குளுந்துரும்."

எலுமிச்சம்பழம் அறுபடும் வாசனை என் மூக்குக்கு வந்தது. நான் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டேன். நான் பிழை திருத்திய அறிவிப்பு அப்போதுதான் முதல்முறையாக எனக்குப் புரிந்தது. ஒரு கணமும் தாமதியாமல். சுத்தமான தண்ணீரால். எழுத்துக் கூட்டிப் படித்திருந்தேன், அர்த்தம் படிக்கவில்லை.

நான் அதிகம் வேண்டிக்கொள்கிறவன் இல்லை. கோயிலில் மற்றவர்கள் நீளமாக வேண்டும்போது நான் கல்வெட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அன்று வேண்டினேன். எங்கள் ஊர் அம்பாளைக் கூப்பிட்டு, "வடிவுடையம்மா, தண்ணி" என்றேன். அவ்வளவுதான் என் பிரார்த்தனை. கண்ணைக் கேட்கவில்லை. கண்ணைக் கேட்க நேரம் இல்லை. பிறகு ஒரு சத்தியமும் சேர்த்தேன்: இது தப்பினால் அந்த டப்பாவைத் தினமும் என் கையால் நிரப்புகிறேன். ஒற்றியூர்க்காரன் சத்தியத்தை விளையாட்டாகச் செய்யமாட்டான். சத்தியம் மீறிய அடியாருக்கு இந்த எல்லையிலேயே பார்வை போன கதையைக் கேட்டுத்தான் எங்கள் ஊரில் குழந்தைகள் சோறு தின்கின்றன.

வாசல் பக்கம் பித்தளைக் குடம் இடிக்கும் சத்தம் கேட்டது.

"இன்னா மானேசரே, பூஜ அன்னிக்கும் ரெண்டு கொடம் வோணுமா? உன் தாளுக்கு மட்டும் தாகம் அடங்கவே அடங்காதா?"

அஞ்சலை. தண்ணீர் சுமக்கிறவள். எங்கள் அச்சுக்கூடத்தில் குழாய் இல்லை. பெரிய எழுத்துச் சுவரொட்டியைக் கைஅச்சில் ஈரத் தாளில்தான் அடிப்பார்கள். தாள் நனைக்க அவள் தினமும் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவருவாள். பூஜை நாளில் அவளுக்கு வேலை கிடையாது. மானேஜர் பூஜை நியமத்தை முறித்து வேலை எடுத்ததால்தான் அவள் வந்தாள். இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அம்பாளுக்கு அன்று கிடைத்த ஒரே வழி அந்த மனிதருடைய பேராசைதான் போலிருக்கிறது. அதையும் அவள் வீணாக்கவில்லை.

"ஏ, இன்னா ஆச்சு? சுண்ணாம்பா?"

"காரம்" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதான். பாத்துகினு கீறீங்களேடா, கயிதைங்களா. அந்த டப்பாவ எடு. இதுக்குன்னுதானே மாட்டி வெச்சீங்கோ?"

"அத தொடாத" என்றார் மானேஜர். "பூஜைல இருக்கு."

"பூஜ நாளைக்கும் பண்ணிக்கலாம். அவுரு கண்ணுக்கு நாளைக்குன்னு ஒண்ணு கெடையாது."

மாலை அறுபடும் சத்தம் கேட்டது. டப்பாவை ஆணியிலிருந்து இறக்கி என் தலைக்கு மேலே பிடித்தாள். குழாயைக் கிள்ளினாள். ஒன்றும் வரவில்லை. மூடியைத் திறந்து கவிழ்த்தாள். என் முகத்தில் ஏதோ லேசாக உதிர்ந்து, கன்னத்து ஈரத்தில் ஒட்டிக்கொண்டது.

"தண்ணி இல்ல. பொரி கீது" என்றாள் அஞ்சலை.

கன்னியப்பன் வாய்க்குள் ஏதோ சொன்னான். மானேஜர் சொன்னதைத் தெளிவாகக் கேட்டேன். "அது பிரசாதம். எலி வராம இருக்கட்டும்னு வெச்சேன். வூட்டுக்குக் கொண்டு போறதுக்கு."

அவரைப் பற்றி எனக்கு அதுவரை இருந்த சந்தேகங்கள் அந்த இடத்தில் தீர்ந்தன. தொடாதே என்று அவர் சொன்னதில் எவ்வளவு பக்தி, எவ்வளவு பொட்டுக்கடலை என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது.

அஞ்சலை அதற்குள் என்னை மல்லாக்கச் சாய்த்திருந்தாள். "ஏ கன்னியப்பா, அழுதுகினு நிக்காத. இவுரு எமைய ரெண்டு வெரலால விரிச்சுப் புடி. நைனா, கத்தறதுன்னா கத்து, கண்ண மட்டும் மூடாத." குடத்தைச் சரித்தாள். மெல்லிய ஒழுக்காக, மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கம் ஓடும்படி ஊற்றினாள். நான் கத்தினேன். அவள் நிறுத்தவில்லை. ஒரு கண், மறு கண், மறுபடி முதல் கண்.

ஊற்றிக்கொண்டே பேசினாள். கல்யாணத்துக்கு முன்னால் எண்ணூர்ப் பக்கம் கிளிஞ்சல் சுடும் சுண்ணாம்புக் காளவாயில் கூலி வேலை செய்தவளாம். "அங்க கண்ணுக்குன்னு ஒரு கொடம் தனியா கீது. ஒருத்தரும் குடிக்கமாட்டாங்கோ, கை உடமாட்டாங்கோ. காலைல வந்ததும் அத்த ரொப்பிட்டுதான் அடுப்பாண்ட போவோம். அதுக்கு எவனும் மால போடல. தண்ணி ஊத்தனோம்."

முதல் குடம் முடிந்தது. இரண்டாவதைத் தூக்கினாள்.

"அஞ்சல, அது தாளுக்கு" என்றார் மானேஜர். "நாலரைக்கு நாடகக் கம்பெனி ஆளு வரான்."

குடம் என் கண்ணின் மேல் சரிந்தது.

"உன் தாளு மேல நீயே துப்பி நனச்சுக்க" என்றாள் அஞ்சலை. அவள் அடுத்துச் சொன்ன மூன்று வார்த்தைகளை நம் கூட்டத்தில் படிக்க முடியாது. அவை எல்லாமே மிகச் சரியான இடத்தில் விழுந்தன என்று மட்டும் சொல்வேன்.

இரண்டாவது குடமும் முடிந்தபோது கன்னியப்பன் முதல்முறையாக யாரிடமும் கேட்காமல் ஒரு காரியம் செய்தான். காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்கு ஓடினான். நாலு முறை ஓடினான். சுவர்க் கடிகாரம் நாலு அடித்தபோதும் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ஜட்கா வண்டியில் ஏற்றியபோதும் அவள் குடமும் செம்புமாகப் பக்கத்தில் உட்கார்ந்து, பட்டணத்துக் கண்ணாஸ்பத்திரி வாசல்வரை ஊற்றிக்கொண்டே வந்தாள்.

டாக்டர் இமையைத் திருப்பிப் பார்த்தார். "யார் கழுவினது?" என்றார்.

"தண்ணிக்காரி" என்றேன்.

"அவ செஞ்சதுதான் வைத்தியம். இனிமே நான் செய்யறது மிச்சம். அவ நிறுத்தியிருந்தா நீங்க இங்க வந்தும் பிரயோஜனம் இருந்திருக்காது."

பதினோரு நாள் கட்டு. பகலா இரவா என்பதைப் பால்காரன் குரலை வைத்துத் தெரிந்துகொண்டேன். அந்தப் பதினோரு நாளும் நான் பயந்தேன். படிக்கத் தெரியாத மனிதன் குருடானால் அவனுக்கு உலகம் போகும். எனக்கு உலகத்தோடு சாப்பாடும் போகும். அம்பாள் தண்ணீர் கொடுத்துவிட்டாள், கண்ணையும் கொடுப்பாளா என்று கேட்கக்கூட வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக மானேஜரைத் திட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவி மூன்றாம் நாள் சொன்னாள்: "அம்பாள் உங்க கண்ணத் தொறப்பா. நீங்க கொஞ்சம் வாய மூடுங்க."

ஐந்தாம் நாள் மானேஜர் பார்க்க வந்தார். ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்தார். சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "ஒற்றியூர்ல கண்ணு போறதுன்னா காரணம் இல்லாம போகாது. எங்கயாவது சத்தியம் மீறினீங்களா, யோசிச்சுப் பாருங்க" என்று கனிவாகச் சொன்னார். கட்டுக்குள் என் கண்கள் இருந்ததால் நான் அவரைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அதுவும் ஓர் அருள்தான்.

கட்டை அவிழ்த்த அன்று முதலில் தெரிந்தது டாக்டரின் சட்டைப் பொத்தான். அதில் நாலு துளை. எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதேன். இடது கண் முழுதும் பிழைத்தது. வலது கண்ணில் பனி படிந்ததுபோல ஒரு தழும்பு நின்றுவிட்டது, பொடி எழுத்து தெரியாது. இடது கண்ணால் வேலை செய்கிறேன். இன்றுவரை என் கையைத் தாண்டி அதிகப் பிழை போனதில்லை.

இனி நம் கூட்டத்துக்கு வருகிறேன். என் செய்தி கேட்டதும் நீங்கள் உருகினீர்கள். அம்பாளே தண்ணிக்காரியாக வந்தாள் என்று இரண்டு பேர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் மறுத்தேன். தன்னடக்கம் என்றீர்கள். அதனால் ஒரு வெள்ளிக்கிழமை அஞ்சலையைக் காசிமேட்டிலிருந்து அழைத்து வந்தேன். புகையிலை மெல்லும், ஒரு கால் சற்றே இழுத்து நடக்கும், நாற்பது வயதுப் பெண். கிழவிகூட இல்லை. நான் உள்ளே போய்ச் செயலாளரிடம் சொல்லிவிட்டுத் திரும்பி வருவதற்குள், தண்ணிக்காரி வேஷத்தில் வந்த அம்பாளுக்காக அழுதவர்களில் ஒருவர் வாசலில் நின்ற தண்ணிக்காரியிடம், "வழிய உட்டு அந்தாண்ட நில்லும்மா, பெரியவங்க வராங்க" என்றார். அவள் போய்ச் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"இன்னா நைனா, நான்தான் அம்மன்னு சொல்லிகினு கீறாங்களாமே" என்றாள் என்னைக் கண்டதும். "அம்மனுக்குச் செருப்பாண்டதான் எடம் குடுப்பாங்களா?" சிரித்தாள். சுண்டலை வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டாள்.

நான் அம்பாளை நம்புகிறேன். முன்பு நம்பியதைவிட அதிகமாக நம்புகிறேன். ஒரு வார்த்தை கேட்டேன், அந்த வார்த்தையே இரண்டு குடமாக வாசலில் வந்து நின்றது. ஆனால் அவள் வேஷம் போட்டு வரவில்லை. அஞ்சலையை அனுப்பினாள். அனுப்பப்பட்டவளை அம்பாள் என்று சொல்லிவிட்டால் அவளுக்கு உட்கார ஓர் இடம் கொடுக்க வேண்டியதில்லை, பெயர் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. டப்பாவுக்கு மாலை போட்டுவிட்டால் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. இரண்டும் ஒரே புத்தி.

என் சத்தியத்தைக் காப்பாற்றி வருகிறேன். வேலை நாளெல்லாம் காலை ஏழு மணிக்கு மூடியைத் திறந்து, பழைய தண்ணீரைக் கொட்டி, டப்பாவைக் கழுவி, அஞ்சலை கொண்டுவரும் முதல் குடத்தை வடிகட்டி ஊற்றுகிறேன். குழாயை ஒரு தரம் ஓடவிட்டுப் பார்க்கிறேன். இதை என் காலை பூஜையாகவே வைத்துக்கொண்டிருக்கிறேன். மந்திரம் கிடையாது. காரம் தொடும் நாளில் கன்னியப்பன் என் பழைய மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டுதான் தேய்க்கிறான். "தரை மேடு பள்ளமா கீது நைனா" என்கிறான். இருக்கட்டும் என்கிறேன். போன மாதம் அந்தக் கண்ணாடியில் காரம் தெறித்து ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்திருந்தது. அவன் அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினான்.

அன்பர்களே, உங்களுக்கும் ஆபத்து வரும். அப்போது அவளைக் கூப்பிடுங்கள், வருவாள். சுருக்கமாகக் கேளுங்கள், வேண்டியதைக் கேளுங்கள். யார் கையில் கொடுத்தனுப்புகிறாளோ அந்தக் கையின் சாதியையும் பாஷையையும் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். நீங்கள் வேலை செய்யும் இடம் மில்லோ, துறைமுகமோ, தோல் மண்டியோ, நாளைக் காலை போனதும் அங்கே சுவரில் மாட்டியிருப்பதைத் திறந்து பாருங்கள். மாலை இருந்தால் கழற்றி ஆணியில் மாட்டுங்கள். தண்ணீர் இல்லாவிட்டால் ஊற்றுங்கள். பிறகு கும்பிடுங்கள்.

இந்த வருஷமும் ஆயுத பூஜை நடந்தது. டப்பாவுக்கு மாலை வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டேன். மானேஜர் ஒப்புக்கொண்டார், பொட்டு மட்டும் வைத்தார். மறுநாள் காலை ஏழு மணிக்கு மூடியைத் திறந்தேன். தண்ணீரின் மேல் ஒரு பிடி பொரி மிதந்தது.